பாத்து குடு சார்

புதுப்பட்டினத்தில் எதற்கும் விலை கேட்டால் பதில் கிடைக்கும். மீன்காரம்மா கூடையை இறக்குவதற்கு முன்பே வஞ்சிரத்துக்கு விலை சொல்லிவிடுவாள். நகைக்கடைக்காரர் சேதாரத்தோடு சேர்த்துச் சொல்வார். பல் டாக்டர் நம்மை வாயைத் திறக்கச் சொல்வதற்குள் வாசலில் இருக்கும் பெண்ணைவிட்டுச் சொல்லவைத்துவிடுவார். பைப் வேலை செய்கிற ஏசுபாதத்திடம் மட்டும் அது நடக்காது. எனக்குத் தெரிந்து இத்தனை வருடத்தில் அவர் ஒரு வேலைக்கு இவ்வளவு என்று வாய் திறந்து சொல்லி யாரும் கேட்டதில்லை.

வேலை முடிந்ததும் மெதுவாக எழுந்திருப்பார். தோளில் கிடக்கும் துண்டை உருவிக் கையைத் துடைப்பார். எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். தான் சரிசெய்த குழாயைப் பார்த்துக்கொண்டேதான் பதில் வரும்.

"பாத்து குடு சார்."

எதைப் பார்ப்பது? நான் கல்பாக்கத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொகை எழுதாத பில் ஒன்று என் மேஜைக்கு வந்தால் அதைக் கொண்டுவந்தவனுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட என்னிடம் ஒரு ஆள் வந்து, என் சமையலறையில் நின்றுகொண்டு, என்னையே பார்த்துக் கொடுக்கச் சொல்கிறான். முதல் தடவை எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொகையைச் சொல்லப்பா, தந்துவிடுகிறேன் என்றேன். அவர் இன்னொரு முறை குழாயைத் திறந்து மூடிக் காட்டினார். தண்ணீர் சொட்டாமல் நின்றது. நான் பர்ஸைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. ஒரு நோட்டை எடுப்போம். இது போதுமா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். அவருடைய சட்டையில் ஒட்டியிருக்கும் சேறு கண்ணில் படும். இன்னொரு நோட்டை எடுத்துச் சேர்ப்போம். அவர் அதை வாங்கி, எண்ணாமல், அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்த எண்ணாமல் போடுவது இருக்கிறதே, அதற்கு ஈடாக என் சர்வீஸில் எந்த ஆடிட்டரும் என்னைக் கலங்கடித்ததில்லை. எண்ணிப் பார்த்திருந்தால் குறை, நிறை ஏதாவது தெரிந்திருக்கும். எண்ணாமல் போனவர் வீட்டுக்குப் போய் எண்ணுவார், எண்ணிவிட்டு நம்மைப் பற்றி ஏதோ நினைப்பார் என்பது இரண்டு நாளைக்கு உறுத்திக்கொண்டிருக்கும்.

குறைத்துக் கொடுத்துவிட்டால் அது அவருக்கு எண்ணாமலே தெரியும். விரலால் தொட்டதும் தெரிந்துவிடும் போலிருக்கிறது. அப்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். பரவால்ல சார். அந்தப் பரவாயில்லையைக் கேட்டவர்கள் அடுத்த முறை ஒழுங்காகக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் எல்லோரும் ஜிபேக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. காசு வந்து விழுந்ததும் தொகையைக் கத்திச் சொல்கிற டப்பா ஒன்று கடைக்குக் கடை வந்ததே, அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றியதை அது ஒரு நொடியில் போட்டு உடைத்துவிடுகிறது என்பார்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிற ஓய்வுபெற்ற கூட்டத்தில் நானும் ஒருவன். முட்டிவலி, பென்ஷன், அமெரிக்காவில் இருக்கும் பேரன் என்று பேசி முடித்த பிறகு பேச்சு ஏசுபாதத்தில் வந்து நிற்கும். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்பார். கேட்கப்பட்டவர் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்வார். கஞ்சன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? அதைக் கேட்டவர் அடுத்த முறை அந்தப் பொய்க் கணக்கையே நிஜமாகக் கொடுப்பார். எங்களுக்கு அகவிலைப்படி ஏற்ற அரசாங்கம் ஆறு மாதம் யோசிக்கிறது. ஏசுபாதத்துக்கு ஏற்றிக்கொடுக்க எங்களுடைய வறட்டு கௌரவமே போதுமாக இருந்தது.

அவர் இந்த வித்தையைக் கற்ற விதத்தை ஒருநாள் என் வீட்டு சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவரே சொன்னார். முகம் தெரியவில்லை, கால் இரண்டும்தான் தெரிந்தன. பேச்சு மட்டும் தெளிவாக வந்தது.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவர். அம்மா செங்கம்மாள் கிறிஸ்துவச்சி, அவள் வைத்த பெயர்தான் ஏசுபாதம். அப்பா சடையப்பன் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது சடையப்பன் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் போட்டுக்கொண்டு நிற்பார். உனக்கு என்னடா வேண்டும் என்று நிலத்துக்காரர் கேட்பார். பாத்து குடுங்க சாமி என்பார் சடையப்பன். அவரும் பார்ப்பார். வானத்தைப் பார்ப்பார், குவியலைப் பார்ப்பார், சடையப்பனை மட்டும் பார்க்க மாட்டார். பார்த்த பார்வையில் வருவது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும் என்றார் ஏசுபாதம். சொல்லிவிட்டு சிங்க்குக்கு அடியிலிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு காண்டிராக்டரிடம் பைப் தூக்கும் ஆளாகக் கல்பாக்கத்துக்கு வந்திருக்கிறார். தூக்கினவர் வெட்டக் கற்றார், மரை போடக் கற்றார், ஒரு நாள் பைப் ரெஞ்சைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். அப்பாவைப் போல நிற்கக்கூடாது என்பதில் அப்போது உறுதியாக இருந்தாராம். போகிற வீட்டிலெல்லாம் கணீரென்று விலை சொன்னார். கிடைத்த மரியாதை ஒரே மாதிரியாக இருந்தது. இதுக்கா, பத்து நிமிஷ வேலைக்கா என்றார்கள். வாஷர் என்ன விலை, டேப் என்ன விலை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். பிரித்துச் சொன்னால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கிள்ளினார்கள். பாதி வீட்டில் அவரை ஏமாற்றுக்காரன் என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

ஒருநாள் உடம்பு முடியாமல், வாதாடத் தெம்பில்லாமல், ஒரு அதிகாரி வீட்டில் அப்பாவுடைய வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. பாத்து குடு சார். அந்த அதிகாரி திணறிப்போய், இவர் சொல்ல நினைத்திருந்ததைவிடக் கூடுதலாகவே எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் புரிந்ததை ஏசுபாதம் எனக்கு ஒரே வரியில் சொன்னார்.

"ரேட்டு சொன்னா நான் திருடன் சார். சொல்லலன்னா நீ திருடன்."

அப்பா சொன்ன அதே வார்த்தைதானே, அவருக்கு ஏன் பலிக்கவில்லை என்று கேட்டேன். அப்பாவுக்கு ஒரே சாமி, எனக்கு இருநூறு வீடு, எல்லோருக்கும் காலையில் தண்ணீர் வந்தாக வேண்டும் என்றார். இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தார். அன்றைக்கு நான் எவ்வளவு கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ஏற்றிக் கொடுக்க வேண்டிவரும்.

ஏசுபாதத்தின் இந்தத் தொழில் ரகசியத்தை முழு மூச்சாக வெறுத்த ஒரே ஆள் அவருடைய மகள் ஜாய்ஸ். அவளுக்குக் காரணம் இருந்தது. பார்த்துக் கொடுப்பதில் எங்கள் ஆட்கள் காசோடு நிறுத்துவதில்லை. பழைய சட்டை, மிச்சமான பலகாரம், பெண்ணுக்குச் சின்னதாகிப்போன சுடிதார் என்று எதையாவது ஒரு கவரில் போட்டுச் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்படி எங்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அதிகாரி ராமானுஜம் வீட்டிலிருந்து ஒரு ஸ்கூல் பை வந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன ஜாய்ஸை, அந்த வீட்டுப் பெண் ஸ்வாதி எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து, ஐ, இது என் பை என்றாளாம். ஸ்வாதி சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஜாய்ஸ் அன்றோடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புத்தகங்களைக் கையில் அடுக்கிக்கொண்டு போனாள்.

வளர்ந்து எம்.காம் படித்தாள். படித்த கையோடு அப்பா பஜாரில் வைத்திருந்த சின்னக் கடையின் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு கட்டினாள். குழாய் மாற்ற இவ்வளவு, அடைப்பு எடுக்க இவ்வளவு, மோட்டார் இறக்கி ஏற்ற இவ்வளவு. உன் வேலைக்கு என்ன விலை என்று உனக்கே தெரியாதா என்று அவள் கேட்டதற்கு ஏசுபாதம் சொன்ன பதில் பஜார் முழுக்கப் பிரசித்தம்.

"எனக்கும் தெரியும்மா, அவுங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கசொல்லோதான் ஒழுங்கா குடுக்கறாங்க."

அவர் சொன்னபடியே ஆயிற்று. போர்டைப் பார்த்தவர்கள் போர்டோடு பேரம் பேசினார்கள். இது ஃபிக்ஸட் ரேட்டா என்று கேட்டார்கள். இதுவரை அதற்கு மேல் கொடுத்து வந்தவர்கள், அப்படியானால் இத்தனை வருடம் எங்களை ஏய்த்தாயா என்று சண்டைக்கு வந்தார்கள். ஒரு மாதத்தில் போர்டு இறங்கியது. ஏசுபாதம் அதைத் திருப்பிப் போட்டுக் கடையின் பின்பக்கம் பிவிசி பைப்புகளை மூடி வைத்தார். மகள் அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். சர்வீஸ் முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்களில் பலர் ஈசிஆரை ஒட்டி ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கினோம். இருபத்தி நான்கு வீடு. கடல் தெரிகிறது என்று சொல்லி விற்றார்கள். கடலின் உப்பும் கூடவே வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஜிஐ என்கிற இரும்புப் பைப்புகள் எல்லாம் உள்ளுக்குள் அரித்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவானது. செயலாளர் ராமானுஜம், பொருளாளர் நான்.

ராமானுஜம் பெரிய பதவியில் இருந்தவர். அவரால் கறிவேப்பிலை வாங்கக்கூட மூன்று கொட்டேஷன் இல்லாமல் முடியாது. பைப்பும் மற்ற சாமான்களும் சங்கமே வாங்கித் தரும், கூலிக்கு மட்டும் சீலிட்ட உறையில் தொகை எழுதித் தர வேண்டும் என்றார். யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கே கட்டடத்தின் பராமரிப்பும் இனிமேல் என்றும் சேர்த்துக்கொண்டார். செங்கல்பட்டிலிருந்து இரண்டு காண்டிராக்டர்கள் உறை கொடுத்தார்கள். ஏசுபாதத்துக்கு இது வாழ்க்கையிலேயே பெரிய வேலை. கிடைக்காவிட்டால் இந்த இருபத்தி நான்கு வீட்டு வாசலையும் அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

ஜாய்ஸ் கம்ப்யூட்டரில் அழகாக அடித்துக் கொடுத்தாள். தொகை என்ற இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதை மட்டும் அப்பா தன் கையாலேயே நிரப்ப வேண்டும் என்று விட்டுவைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தொகையையும் முடிவு செய்தாயிற்று. ஏசுபாதம் பேனாவோடு எங்கள் கேட் வரைக்கும் வந்தார். வாட்ச்மேன் மேஜையில் வைத்து எழுதினார், ஒட்டினார், கொடுத்துவிட்டுப் போனார்.

கமிட்டி கூடி உறைகளைப் பிரித்தோம். முதல் இரண்டிலும் தொகை இருந்தது. மூன்றாவதில், கட்டத்துக்குள் கோணலான எழுத்தில் 'பாத்து குடுக்கவும்' என்று இருந்தது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இது செல்லாது, தள்ளுங்கள் என்றேன். ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெண்டர் விதிகளை அவர் சுலோகம் போல மனப்பாடம் செய்தவர். தொகை குறிப்பிடாத இனம் சுழியம் எனக் கொள்ளப்படும், ஆகவே இதுதான் மிகக் குறைந்த கொட்டேஷன், விதிப்படி வேலையை இவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார். சுழியத்துக்கு நான் எப்படிச் செக் எழுதுவது என்று கத்தினேன். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மூன்று பேர் அதற்குத் தலையாட்டினார்கள்.

முடிவு செய்து வைத்திருந்த தொகையை ஏன் எழுதவில்லை என்று பின்னால் ஏசுபாதத்தைக் கேட்டேன். பேனாவை வைத்தபோது கை ஓடவில்லை என்றார். அதோடு இன்னொரு கணக்கும் மனசுக்குள் ஓடியிருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் வெட்கப்பட்டே இவ்வளவு கொடுக்கிறார் என்றால் இருபத்தி நான்கு வீட்டு வெட்கமும் சேர்ந்தால் எவ்வளவு வரும்? எந்தத் தொகையை எழுதினாலும் அதைவிடக் கூடத்தானே வரும் என்று நினைத்துவிட்டார். அவர் தொழிலில் செய்த ஒரே தப்புக் கணக்கு அதுதான்.

வேலை மழைக்காலத்துக்கு முன்னால் தொடங்கி மழைக்காலம் முடிந்தும் நடந்தது. இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, அவர்களுக்குக் கூலியைக் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டு, மாடி மாடியாக ஏறினார். வேலையில் நான் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. நான்காவது மாடியில் தண்ணீர் தெளிவாக, வேகமாக விழுந்தது. ராமானுஜத்தின் மனைவி லதா அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லோரும் கை கூப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜாய்ஸுக்கு மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்டர்வியூ வந்தது, அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு. ராமானுஜம் தாமாகவே முன்வந்து அவளைத் தயார்செய்தார். எத்தனையோ பேரை இன்டர்வியூ செய்தவர் ஆயிற்றே. எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால் தொகை சொல்லாதே, அது மரியாதை இல்லை, அஸ் பெர் கம்பெனி நார்ம்ஸ் என்று சொல் என்று சொல்லிக்கொடுத்தார். அவளும் அப்படியே சொல்லிவிட்டு வந்தாள். ஏசுபாதத்தின் கூலியை முடிவு செய்யச் சங்கத்தின் பொதுக்குழு கூடுவதற்கு முந்தின நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேலை உண்டு, சம்பளம் இவ்வளவு என்றார்கள். அவளோடு படித்து, அதே கம்பெனியில் அதே வேலையில் இருக்கும் திவ்யா வாங்குவதில் அது முக்கால்வாசி.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை ஜாய்ஸ் பின்னால் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நீ என்ன கேட்டாய் என்று அப்பா விசாரித்தார். அவள் அந்த இங்கிலீஷைச் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கம்பெனி வழக்கப்படி அவர்கள் என்ன கொடுத்தாலும் சரி என்று அர்த்தம் என்றாள். ஏசுபாதம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உன் தாத்தா சொன்னதத்தான் நீ இங்கிலீசுல சொல்லிட்டு வந்துகீற."

ஜாய்ஸுக்கு அழுகை வந்துவிட்டது. போர்டு கட்டிய பெண் அவள். பையைத் தூக்கி எறிந்த பெண். அவள் வாயிலும் அதே வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது, நன்றாகக் குளித்து முழுகி, டை கட்டிக்கொண்டு.

மறுநாள் பொதுக்குழு. பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஏசுபாதம் ஒரு தூணை ஒட்டி நின்றார், பக்கத்தில் ஜாய்ஸ் நின்றாள். நாற்காலி காலியாக இருந்தது, யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை, நான் உட்பட. ராமானுஜம் நிகழ்ச்சி நிரலை வாசித்தார். எவ்வளவு கொடுப்பது என்பதை உறுப்பினர்கள் பார்த்துச் சொல்லலாம் என்றார்.

பார்த்தார்கள். கடற்கரையில் நடக்கும்போது ஒருவரையொருவர் மிஞ்சிக் கூட்டிச் சொன்ன அதே ஆட்கள் இப்போது ஒருவரையொருவர் மிஞ்சிக் குறைத்தார்கள். சொந்தக் காசாக இருந்தால் தாராளம், பொதுப் பணம் என்பதால் பொறுப்போடு இருக்க வேண்டும் என்றார் ஒருவர். கொட்டேஷனே சுழியம்தானே, எதைக் கொடுத்தாலும் கூடுதல்தான் என்றார் இன்னொருவர். சாமான் எல்லாம் நாம்தானே வாங்கினோம், அவர் மாட்டத்தானே செய்தார் என்றார் மூன்றாமவர். வெட்கம் என்பது பர்ஸைத் திறந்துகொண்டு தனியாக நிற்கிறவனுக்குத்தான் வருகிறது. சங்கத்துக்கு அது வருவதில்லை, வந்து நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் பார்த்துக் கடைசியில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று நிறுத்தினார்கள். வைத்த ஆட்களுக்குக் கொடுத்தது போகப் பார்த்தால் ஏசுபாதம் எங்களுக்கு இலவசமாக வேலை செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ராமானுஜம் நிமிர்ந்து, என்னப்பா ஏசுபாதம், சம்மதம்தானே என்றார். பரவால்ல சார் என்ற பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தோம். அது வந்திருந்தால் கூட்டம் கலைந்து எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்போம்.

ஏசுபாதம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கையைத் துடைக்கவில்லை. அதை மடித்து ஜாய்ஸ் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். முதல் தடவையாகக் குழாயைப் பார்க்காமல் எங்கள் முகங்களைப் பார்த்துப் பேசினார்.

"எங்க அப்பனுக்கு பாத்தீங்க, எனக்கு பாத்தீங்க, நேத்து எம் பொண்ணுக்கும் பாத்தீங்க. நீங்க பாத்தது போதும் சார். இப்ப நானே பாத்துட்டேன். ரெண்டு லட்சத்து பத்தாயிரம்."

ராமானுஜம் முகம் சிவந்து, நாங்கள் எப்போதப்பா உன் அப்பாவைப் பார்த்தோம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், அச்சரப்பாக்கத்தில் அவருக்கு ஒரு காணி நிலமும் கிடையாது. மற்றவர்கள் தொகையைப் பிரித்துக் காட்டு என்று கேட்டார்கள். பிரிக்க ஒன்றும் இல்லை, மொத்தமே அவ்வளவுதான் என்றார் ஏசுபாதம். இதுக்கா என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

நான் எழுந்தேன். ஏதோ நியாயத்துக்காக எழுந்தேன் என்று நினைக்க வேண்டாம். இத்தனை மாதம் கழித்து அந்தக் கட்டத்தில் எழுத ஒரு தொகை கிடைத்துவிட்டது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அதை அங்கேயே எழுதிக்கொண்டேன். ஒரு தொகை எழுத்தில் வந்துவிட்டால் அதை மறுப்பதற்குக் காரணமும் எழுத்தில் வர வேண்டும், யார் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். சர்வீஸ் முழுக்கக் கையெழுத்துப் போடாமல் தப்பித்தே பதவி உயர்ந்தவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் லதா எழுந்து, எங்கள் வீட்டில் இப்போது ஷவரில் தண்ணீர் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ராமானுஜம் மனைவியைப் பார்த்தார், பிறகு சரி என்றார். ஆனாலும் சொன்ன தொகையை அப்படியே கொடுப்பது வழக்கம் இல்லை என்பதால் பத்தாயிரத்தைக் கழித்து இரண்டு லட்சம் என்று தீர்மானம் போட்டார்கள்.

செக்கை வாங்க வந்தபோது அந்தப் பத்தாயிரத்துக்காக நான் வருத்தப்பட்டேன். ஏசுபாதம் அதை முன்னாலேயே சேர்த்துத்தான் சொன்னேன் என்றார். எங்களை அவர் எவ்வளவு காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜாய்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து தனக்கு வேண்டிய சம்பளத்தைத் தொகையாகவே சொன்னாள். பாத்து சொல்றோம் மேடம் என்றார்களாம். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் வேறு இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், இரண்டிலும் தொகையோடு.

போன வாரம் என் வீட்டுச் சமையலறைக் குழாய் மறுபடி சொட்டியது. ஏசுபாதம் வந்தார், பழைய வாஷரைக் கழற்றிப் புதியது போட்டார், எழுந்து கையைத் துடைத்தார். பழக்கதோஷத்தில் நான் முன்கூட்டியே பர்ஸைத் திறந்து, அந்தப் பழைய உறுத்தலோடு, ஐந்நூறு ரூபாயை நூறு நூறாக எடுத்துக் கையில் மடித்து வைத்திருந்தேன். எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன்.

"நானூறு சார்."

என் கை என்னைக் கேட்காமலே ஒரு நோட்டை உருவித் திரும்பப் பர்ஸுக்குள் வைத்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். மீதியை நீட்டினேன்.

அவர் வாங்கி, என் எதிரிலேயே ஒவ்வொன்றாக எண்ணினார். சரியாக இருக்கிறது என்றார்.